ஆணியால் குத்தக்கூடாத பற்றரி

பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னிக்குள் பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, கையால் மிதியைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டோம். ஓய்ந்துபோன ரோர்ச் பற்றரியை வெயிலில் காயவைப்போம். அதற்கும் சரிவராவிட்டால் அப்பா ஆணியால் துளையிட்டு உப்புத்தண்ணீர் விடுவார். இரவுச் செய்தி முடியும்வரையாவது அது தாக்குப்பிடிக்கும்.

போன மாதம் என் கைத்தொலைபேசியின் பற்றரி ஊதி, பின்மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. "காத்துத்தானே நிக்குது, ஒரு ஓட்டை போட்டால் சரி" என்று அப்பா ஆணியோடு வந்துவிட்டார். பதறிப்போய்த் தடுத்தேன். அவருக்குச் சொன்ன காரணத்தையே இங்கும் எழுதுகிறேன்.

எந்தப் பற்றரியிலும் இரண்டு மின்வாய்கள் உண்டு. அவை ஒன்றையொன்று தொடக்கூடாது. ஆனால் அவற்றிடையே அயன்கள் போய்வர வேண்டும். ரோர்ச் பற்றரியில் வெளியே உள்ள நாகக் கோதுக்கும் உள்ளே உள்ள கறுப்புத் தூளுக்கும் இடையில் ஈரப்பசை பூசிய கடதாசி இருக்கும். ஈரம் வற்றினால் அயன்களுக்கு வழியில்லை. அப்பா விட்ட உப்புத்தண்ணீர் அந்த வழியைத்தான் திறந்தது.

லித்தியம் அயன் பற்றரியில் கடதாசிக்குப் பதில் நுண்துளைகள் கொண்ட பிளாஸ்ரிக் மென்சவ்வு. தடிப்பு ஏறத்தாழ 20 மைக்ரோமீற்றர், தலைமயிரிலும் மெல்லியது. துளைகளில் ஊறியிருக்கும் திரவத்தினூடாக லித்தியம் அயன்கள் கடந்துபோகும். பிளாஸ்ரிக் மின்னைக் கடத்தாததால் இலத்திரன்கள் வெளிச்சுற்றால்தான் போகவேண்டும். தொலைபேசி இயங்குவது அதனால்தான். பொலியெதிலீன் சவ்வு 130 பாகை செல்சியஸ் அளவில் உருகித் துளைகளை அடைத்துவிடும். அயன் ஓட்டம் நிற்கும். வடிவமைத்தவர்கள் வைத்த காவல் அது.

ஆணி குத்தினால் அந்தக் காவல் பயன்படாது. சவ்வு கிழிந்து மின்வாய்கள் தொட்டுக்கொள்ளும். அந்த இடம் நொடியில் கொதிக்கும். உள்ளே இருப்பது தண்ணீர் அல்ல, தீப்பற்றும் கரைப்பான். ஊதவைத்த வாயுவிலும் எரியக்கூடியவை உண்டு.

ஊதிய பற்றரிக்குச் சார்ஜ் போடாதீர்கள். அமத்தாதீர்கள், குத்தாதீர்கள், தண்ணீர் விடாதீர்கள். வளவுக் குப்பையோடு போட்டுக் கொளுத்தவும் வேண்டாம். எரியும் பொருட்களுக்கும் பிள்ளைகளின் கைக்கும் எட்டாமல் வைத்து, தொலைபேசி திருத்தும் கடையில் ஒப்படையுங்கள்.

"அப்ப இதைத் திரும்ப எழுப்ப ஏலாதோ?" என்று அப்பா கேட்டார்.

"ஏலாது அப்பா."

எதையும் எறிந்து பழகாத மனிதர். ஆணியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழும்பிப் போனார்.