இறக்கச் சொன்னால் ஏறும் குச்சி

ஒயரிங் வேலைக்கு வாங்கும் மெல்லிய பிவிசி பைப் ஒன்று போதும். பத்துப் பேரை ஐந்தைந்து பேராக எதிரெதிரே நிறுத்துங்கள். எல்லோரும் இரு ஆள்காட்டி விரல்களையும் மார்பு உயரத்தில் நீட்டட்டும். அவற்றின் மேல் பைப்பைக் கிடத்துங்கள். விதிகள் இரண்டு: பைப்பைப் பிடிக்கவோ விரலை வளைத்து மாட்டவோ கூடாது, யாருடைய விரலும் பைப்பை விட்டு விலகவும் கூடாது. இனி அதைத் தரையில் இறக்கி வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் பைப் இறங்காது, ஏறும்.

குழுப் பயிற்சி நடத்துவோர் இந்த விளையாட்டை 'ஹீலியம் குச்சி' என்பார்கள். பைப்புக்குள் எந்த வாயுவும் இல்லை. அது லேசாக இருப்பதில்தான் சூட்சுமம். பைப்பின் எடை 300 கிராம் என்று வைத்துக்கொள்வோம். இருபது விரல்கள் தாங்கும்போது விரலுக்கு 15 கிராம், அதாவது நான்கைந்து ஒரு ரூபாய் நாணயங்களின் எடை. விரல் விலகிவிடக் கூடாதே என்று ஒவ்வொருவரும் கொஞ்சம் மேல்நோக்கி அழுத்துகிறார்கள். அவையெல்லாம் சேர்ந்து பைப்பின் எடையை மிஞ்சியதும் அது எழும்புகிறது. உடனே சிலருடைய விரலுக்கும் பைப்புக்கும் இடைவெளி விழுகிறது. அவர்கள் பதறி விரலை உயர்த்த, பைப் இன்னும் ஏறுகிறது. கனமான இரும்புக் குழாயிடம் இந்த வேலை பலிக்காது.

இரண்டாவது நிமிடத்துக்குள் "யாருப்பா தூக்குறது?" என்று ஒரு குரல் எழும். உண்மையில் யாரும் வேண்டுமென்று தூக்குவதில்லை. தன் விரல் விலகாமல் பார்த்துக்கொள்ளும் கடமையை ஒவ்வொருவரும் ஒழுங்காகத்தான் செய்கிறார்கள். அவரவர் பங்கு சரியாக இருந்தும் மொத்த வேலை தலைகீழாகப் போவதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் விளையாட்டு வேறொன்றை நான் அறியேன்.

வழி உண்டு. முதலில் எல்லோரும் அசையாமல் நிற்க வேண்டும். ஒருவர் மட்டும் குரல் கொடுக்க, மற்றவர்கள் பைப்பையே பார்த்தபடி முழங்காலைச் சிறிது சிறிதாக மடக்க வேண்டும். ஏறத் தொடங்கினால் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கலாம்.

செய்து பார்த்துக் கற்கும் இந்த வழிக்கு நல்ல முன்னோடிகள் உண்டு. 1941இல் வேல்ஸின் அபர்டோவியில் குர்ட் ஹான் முயற்சியால் தொடங்கிய 'அவுட்வர்டு பவுண்ட்' பள்ளி, கடலிலும் மலையிலும் இளைஞர்களைப் பழக்கியது. அந்த அணுகுமுறையை 1971இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 'புராஜெக்ட் அட்வென்ச்சர்' சாதாரணப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்தது.

நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பைப் தரையைத் தொட்டதும் கைதட்டிக் கலைந்துவிடாதீர்கள். எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து, யார்மேல் பழி போட்டோம், யார் பேச்சைக் கேட்கவில்லை, எப்போது நிலைமை மாறியது என்று கேளுங்கள். விளையாட்டுக்கு ஒதுக்கிய அளவு நேரத்தை இந்தப் பேச்சுக்கும் ஒதுக்குங்கள்.