பேட்டரியை மாற்றுமுன் மீட்டரை வைத்துப் பாருங்கள்

டிசம்பர் பௌர்ணமி முதல் மே மாத வெசாக் பௌர்ணமி வரை சிவனொளிபாதமலை சீசன். மலையடிவாரமான நல்லதண்ணியில் ஆட்டோக்கள் விடிய விடிய ஓடும் காலம் அது. காலையில் செல்ஃப் அடித்தால் ‘டிக்’ என்று மட்டும் கேட்கிறதா? பேட்டரி போய்விட்டது என்று உடனே முடிவுகட்டாதீர்கள். சார்ஜ் ஏறாத வண்டியில் புது பேட்டரியும் இறங்கித்தான் போகும்.

எதை வைத்துப் பார்ப்பது?

மல்டிமீட்டர் (மின் அழுத்தம் அளக்கும் சிறு கருவி) போதும். டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். சிவப்பு முனை பேட்டரியின் பிளஸில், கறுப்பு முனை மைனஸில்.

எப்போது அளப்பது?

முதலில், இரவு முழுக்க நின்ற வண்டியில், ஸ்டார்ட் பண்ணுமுன். 12.6 வோல்ட் இருந்தால் சார்ஜ் நிறைவு. 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12க்குக் கீழே என்றால் அநேகமாக வெறுமை. வண்டியை நிறுத்தியதும் அளந்தால் கணக்குக் கூடுதலாகக் காட்டி ஏமாற்றும்.

அடுத்து, எஞ்சின் ஓடும்போது கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுத்து அளந்து பாருங்கள். 13.8 முதல் 14.5 வரை காட்டினால் நல்லது. 13ஐத் தாண்டவில்லை என்றால் சார்ஜ் சரியாக ஏறவில்லை. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் (சார்ஜ் அளவைக் கட்டுப்படுத்தும் பெட்டி) பழுதாகியிருக்கலாம். பேட்டரித் தண்ணீர் வற்றும், அழுகிய முட்டை வாடை வரும்.

மூன்றாவதாக, ஹெட்லைட், வைப்பர், பாட்டு செட் எல்லாம் போட்டு அளந்து பாருங்கள். எஞ்சின் மெதுவாக ஓடும்போது மின்சாரம் குறைவாகத்தான் உற்பத்தியாகும். வரிசையில் நின்றபடி இத்தனையும் எரியவிட்டால், செலவு வரவை மிஞ்சிவிடும்.

ரெகுலேட்டர் நல்லது, ஆனாலும் ஏறவில்லையே?

அப்போது வயரைச் சந்தேகியுங்கள். எஞ்சின் ஓட, லைட் எரிய, மீட்டரின் ஒரு முனையை ரெகுலேட்டர் பிளஸ் வயரிலும் மறுமுனையை பேட்டரி பிளஸிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் எங்கோ மின்சாரம் வீணாகிறது. எர்த் பக்கத்தையும் அப்படியே பாருங்கள்: பேட்டரி மைனஸுக்கும் எஞ்சின் உடம்புக்கும் இடையே. மவுசாக்கலைப் பக்கத்து மழையும் பனியும் டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பொடி பூக்கவைக்கும்.

சுத்தம் செய்வது எப்படி?

எஞ்சினை நிறுத்தி, மைனஸை முதலில் கழற்றுங்கள். அப்பச்சோடா கலந்த தண்ணீரால் தேய்த்துக் கழுவுங்கள். அது பேட்டரிக்குள் போகக்கூடாது. துடைத்து, இறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள். மைனஸைக் கடைசியாக மாட்டுங்கள். பேட்டரியிலிருந்து தீப்பிடிக்கும் வாயு வரும். பக்கத்தில் சிகரெட், நெருப்பு வேண்டாம். உள்ளே இருப்பது அமிலம், கண்ணைக் காத்துக்கொள்ளுங்கள்.

சீசன் முடிந்தபின்?

சார்ஜ் குறைந்த பேட்டரியை மாதக்கணக்கில் சும்மா விட்டால் உள்ளே ஈயத் தகடுகளில் உப்புப் படிந்து இறுகிவிடும். பிறகு முழுதாக மீளாது. நிறுத்துமுன் முழு சார்ஜ் ஏற்றிவிடுங்கள்.

கடைக்குப் போகும்போது மூன்று அளவுகளையும் எழுதிக் கொண்டுபோங்கள். எலக்ட்ரீஷியனுக்கு எங்கே தொடங்குவது என்று தெரியும். புது பேட்டரி போடச் சொன்னால் ஏன் என்று கேட்க உங்களிடமும் கணக்கு இருக்கும்.