அரண்களின் கதை – 6: முதலை கவ்விய வெளிச்சம்

இரவுக் காவலர்கள் விளக்கோடு சுற்றி வருகிறார்கள். அந்த வெளிச்சம் அகழி நீரில் விழுந்து நெளிகிறது. இரையென்று நினைத்து ஒரு முதலை அதைக் கவ்வப் பாய்கிறது. புறநானூற்றின் 37-ஆம் பாட்டில், சோழன் கிள்ளிவளவன் அழித்த ஊரைப் பற்றிச் சொல்லும்போது மாறோக்கத்து நப்பசலையார் காட்டும் காட்சி இது. செம்பு போன்ற மதிலையும் அவர் சொல்கிறார். ஆனால் படித்து முடித்த பிறகு மனதில் நிற்பது அந்த முதலைதான்.

சென்ற வாரம் காவற்காட்டுக்குள் நுழைந்து வந்தோம். காட்டைத் தாண்டியதும் பகைவன் காலில் படுவது தண்ணீர். திருக்குறளின் 'அரண்' அதிகாரம் நீர், நிலம், மலை, காடு என நான்கை எண்ணும்போது நீரைத்தான் முதலில் வைக்கிறது. தொல்காப்பியர் இன்னும் ஒரு படி மேலே போய், முற்றுகையின்போது அகழியில் நடக்கும் சண்டைக்கெனத் தனித் துறையே வகுத்து, அதற்குப் 'பாசி' என்று பெயர் வைத்தார். கல்லெறிந்தால் விலகிச் சற்று நேரத்தில் மீண்டும் வந்து கூடும் குளத்துப் பாசியைப் பார்த்தவர்களுக்கு, இடுப்பளவு நீரில் முன்னும் பின்னும் தள்ளிக்கொள்ளும் இரு படைகளை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அகழி வெட்டுவதில் இரட்டை லாபம் உண்டு. தோண்டிய மண்ணை உள்பக்கம் கொட்டினால் அதுவே மதிலுக்கு அடிமேடு. பள்ளம் ஒரு ஆள் ஆழம் இறங்கினால் மேடு ஒரு ஆள் உயரம் ஏறும். கீழே நிற்பவன் கண்ணுக்கு மதில் இரண்டு ஆள் உயரம் கூடிவிடும். ஏணி சாத்த இடம் இருக்காது. யானையைக் கொண்டு கதவை முட்டலாம் என்றால், அது பாலத்தின் மேல்தான் வந்தாக வேண்டும். மதிலுக்கு அடியில் சுரங்கம் தோண்டி வெடிமருந்து வைக்கலாம் என்றால், தோண்டத் தோண்ட நீர் ஊறி உள்ளே இருப்பவனை மூழ்கடிக்கும். பாறை நிலத்தில் வெறும் உலர் அகழியோடு நிறுத்திக்கொண்ட கோட்டைகளும் உண்டு. அவற்றில் விழுந்தவன் மேலே ஏறுவதற்குள் மதில்மேல் நிற்பவன் குறி பார்த்துவிடுவான்.

தமிழ்நாட்டில் அகழி என்றால் வேலூர்தான். 16-ஆம் நூற்றாண்டில், விஜயநகர ஆட்சியின் கீழ் சின்ன பொம்மு நாயக்கர் காலத்தில் எழுந்த இந்தக் கருங்கல் கோட்டை 133 ஏக்கர் பரப்புள்ளது. அகழிக்குச் சூரியகுண்டம் ஏரியிலிருந்து நிலத்தடிக் குழாய் வழியாகத் தண்ணீர் வந்தது. உள்ளே இருக்கும் இறைவனின் பெயரிலும் தண்ணீர்தான்: ஜலகண்டேஸ்வரர்.

மராட்டியர்கள் 1677-இல் இதை முற்றுகையிட்டார்கள். சிவாஜியின் வரலாற்றை மராத்தியில் எழுதிய கிருஷ்ணாஜி அனந்த் சபாசத், வேலூர் அகழியில் பத்தாயிரம் முதலைகள் இருந்ததாகக் குறிக்கிறார். கரையில் நின்று எண்ணியவர் யார், அத்தனை முதலைக்கும் தினமும் இரை போட்டவர் யார் என்றெல்லாம் கேட்கக் கூடாது. எண்ணிக்கையை விட்டுவிடுவோம், அந்த அகழியைப் பார்த்து மராட்டியர் எவ்வளவு மலைத்துப் போனார்கள் என்பது அதில் தெரிகிறது. தண்ணீரில் இறங்குவதைவிட மலையேறுவது மேல் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். கோட்டைக்கு எதிரிலுள்ள குன்றுகளில் சஜ்ரா, கோஜ்ரா என்ற இரண்டு அரண்களை எழுப்பி அங்கிருந்து பீரங்கியால் சுட்டார்கள். அப்படியும் ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. 1678-இல் கோட்டை பணிந்தபோது அகழி நீர் அப்படியேதான் கிடந்தது.

அடுத்த நூற்றாண்டில் ஆங்கிலேயர் கைக்கு வந்த பிறகு, இதே அகழி அவர்களுக்கே ஒரு பாடம் நடத்தியது. 1806 ஜூலை 10, விடியலுக்கு முன்பே கோட்டைக்குள் இருந்த இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். பகை உள்ளே இருக்கும்போது அகழி யாரைத் தடுக்கும்? பிழைத்த வெள்ளைச் சிப்பாய்கள் தோட்டா தீர்ந்து மதில்மேல் ஒண்டிக்கிடக்க, ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு விரைந்து வந்தார் ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பி. உள்ளே போக வழியில்லாமல், மேலிருந்து விடப்பட்ட கயிற்றைப் பற்றி மதிலேறினார். பிறகு பீரங்கியால் கதவை உடைத்துப் படை நுழைந்தது. நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். நான்கு பக்கமும் நீர் சூழ்ந்த இடத்திலிருந்து தப்பி ஓடுவது எளிதாக இருந்திருக்காது.

யாழ்ப்பாணத்துக்குப் போனால் அகழியின் வேலையே மாறிவிடுகிறது. போர்த்துக்கேயர் கட்டிய சதுரக் கோட்டையை 1658-இல் பிடித்த ஒல்லாந்தர், அதை ஐங்கோணமாக மாற்றிக் கட்டினார்கள். ஐந்து மூலைக்கும் ஐந்து கொத்தளங்கள். ஹாலந்து, உத்ரெக்ட் என்று தங்கள் ஊர் மாகாணங்களின் பெயர்களையே அவற்றுக்குச் சூட்டினார்கள். பீரங்கி வந்துவிட்ட காலம் அது. உயரமான மதில் குண்டுக்கு நல்ல குறி. தடித்துத் தாழ்ந்த மதில் தாங்கும். ஒவ்வொரு கொத்தளமும் அம்பு முனைபோல வெளியே நீண்டிருப்பதால், அதன் பக்கவாட்டில் நிற்கும் பீரங்கி அடுத்த கொத்தளம்வரை அகழியை நெடுகத் துடைத்துவிடும். பழைய வட்டக் கொத்தளத்தின் அடியில் ஒட்டி நிற்பவனைச் சுட முடியாது. இங்கே ஒளிய ஒரு முழம் இடம்கூட இல்லை. அகழி இப்போது பகைவனை முழுக்காட்டும் குளமாக இல்லாமல் அவனைக் கொண்டுவந்து நிறுத்தும் கொலைக்களமாகிவிட்டது.

கணக்குப் போட்டுக் கட்டிய இந்தக் கோட்டையின் வெளி அரண்கள் முழுமையடைந்தது 1792-இல். மூன்றே ஆண்டில், 1795 செப்டம்பரில், ஆங்கிலேயர் வந்து நின்றார்கள். ஒல்லாந்தர் சண்டையே போடாமல் சாவியைக் கொடுத்தார்கள். அந்த மதில்கள் உண்மையான முற்றுகையைக் கண்டது அதற்குப் பிறகு இருநூறு ஆண்டு நெருங்கும்போது, 1990-இல்.

தரங்கம்பாடியின் டேனிஷ் கோட்டைக்கு ஒரு பக்கம் கடலும் சுற்றிலும் அகழியும் இருந்தன. 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரின் அனுமதியோடு எழுந்த கோட்டை அது. அகழியும் தூக்குப்பாலமும் இன்று இல்லை. கடல் மட்டும் இருக்கிறது. பக்கத்திலிருக்கும் மாசிலாமணிநாதர் கோயிலைப் பாதிக்கு மேல் விழுங்கியும்விட்டது.

இனி மதுரை. விசுவநாத நாயக்கர் காலத்துக் கோட்டைக்கு 72 கொத்தளங்கள், சுற்றி அகழி. 1764 ஜூனில் ஆங்கிலேயர் இதன்மேல் பெருந்தாக்குதல் நடத்தித் தோற்றார்கள். உள்ளே இருந்தவர் யூசுப் கான் என்கிற மருதநாயகம். பிறகு சோறு தண்ணீர் போகாமல் வளைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அக்டோபரில் அவருடைய ஆட்களே அவரைப் பிடித்துக் கட்டி ஒப்படைத்தார்கள். 15-ஆம் தேதி தூக்கிலிட்டார்கள். வேலூரிலும் சரி, மதுரையிலும் சரி, அகழியை நீந்திக் கடந்து கோட்டையைப் பிடித்தவர் எவருமில்லை.

மதுரை அகழியைக் கடைசியில் வென்றவர் ஒரு கலெக்டர். ஊர் பெருகிவிட்டது, மதில் மூச்சை அடைத்தது, அகழியில் கழிவுநீர் தேங்கி நோய் பரவியது. 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலெக்டர் பிளாக்பர்ன், மதிலை இடித்து அகழியைத் தூர்ப்பவருக்கே அந்த நிலம் என்று அறிவித்தார். பீரங்கிக்கு அசையாத மதில் கடப்பாரைக்கும் மண்கூடைக்கும் சரிந்தது. இடித்த மதிலே அகழியை நிரப்பும் மண்ணாயிற்று. அந்த வேலையை மேற்பார்த்த நில அளவையாளர் மாரட், பெருமாள் மேஸ்திரி இருவரின் பெயரிலும் வீதிகள் இருக்கின்றன. இன்று ஆட்டோவில் போகும் வெளி வீதிகள் அந்தக் கோட்டை எல்லையின் தடம்தான். பெரியார் பேருந்து நிலையம் அருகே ஒரு கொத்தளம் மட்டும் தப்பிப் பிழைத்திருக்கிறது.

வேலூர் அகழி இன்னும் நீரோடு இருக்கிறது. 2021 மழையில் அது பெருகி ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள் புகுந்து, வடிய வழியில்லாமல் பல நாள் நின்றது. தண்ணீரை உள்ளே கொண்டுவந்த பழைய பொறியாளர்கள் வெளியே அனுப்பவும் வழி வைத்திருந்தார்கள். அந்தக் கால்வாயைத் தூர்ந்துபோக விட்டது நாம்தான்.

மதுரை மக்கள் பிளாக்பர்னை மறக்கவில்லை. அகழியை ஒழித்துக் காற்றோட்டம் தந்தவருக்கு நன்றியாக நகரின் நடுவே ஒரு விளக்குக் கம்பம் நட்டார்கள். அந்தப் பகுதிக்கு இப்போதும் விளக்குத்தூண் என்றுதான் பெயர். அடுத்தமுறை அங்கே ஜவுளி எடுக்கப் போனால் ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.

(அடுத்த வாரம்: செஞ்சி மலை)