ஆறாப் புண்களைத் தொலைவிலிருந்து கண்காணித்தல்

நீண்ட நாள் ஆறாத புண் உள்ளவர், வீட்டில் இருந்தபடியே திறன்பேசி, செயலி, வெப்பமானி போன்றவற்றால் புண்ணின் நிலையைப் பதிவுசெய்து மருத்துவக் குழுவுக்கு அனுப்புவது தொலைநிலைப் புண் கண்காணிப்பு எனப்படும். நான்கு வாரங்களுக்கு மேலாகியும் ஆறும் போக்குக்கு வராத புண்ணைப் பொதுவாக நாட்பட்ட புண் என்பர். படுக்கைப் புண், சிரை நோயால் காலில் வரும் புண், நீரிழிவுப் பாதப் புண் ஆகியவை இவ்வகையின. இங்கே பேசப்படுவது பெரும்பாலும் பாதப் புண்ணே. கவனம் தவறினால் காலையே இழக்க நேர்வது அதில்தான்.

படம்

எளிய முறை புகைப்படம். ஒரே வெளிச்சம், ஒரே தொலைவு, ஒரே கோணம் வேண்டும். அளவு தெரிந்த ஒட்டுவில்லை ஒன்றைப் புண்ணருகே ஒட்டிப் படமெடுத்தால், செயலி அதைக் கொண்டு நிறத்தைச் சரிசெய்து புண்ணின் பரப்பைக் கணக்கிடும். அளவுகோலால் நீளத்தையும் அகலத்தையும் பெருக்கினால் கிடைக்கும் விடை உண்மையைவிடக் கூடுதலாகவே இருக்கும். புண் செவ்வகமாக இருப்பதில்லை. இந்தப் பரப்பு ஏன் முக்கியம்? நான்கு வாரச் சிகிச்சையில் அது ஏறத்தாழப் பாதியாகக் குறையாத பாதப் புண், 12 வாரங்களில் ஆறும் வாய்ப்பு குறைவு. அப்போதே சிகிச்சையை மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

ஆனால் படம் மேற்பரப்பை மட்டுமே காட்டும். புண்ணின் ஆழம், தோலுக்கடியில் ஓடும் பை, நாற்றம், பாதத்தின் நாடித்துடிப்பு ஆகியவை அதில் தெரியாது. தொற்றின் அடையாளமான சிவப்பு, கருமையான தோலில் சிவப்பாகத் தெரியாமல் கூடுதல் கருமையாகவோ ஊதாவாகவோ தெரியலாம். மேலும், நரம்பு மரத்துப் பார்வையும் மங்கிய ஒருவர் தம் உள்ளங்காலைத் தாமே படமெடுப்பது கடினம். மருத்துவர் படம் கேட்கும்போது, உண்மையில் வீட்டிலுள்ள இன்னொருவரின் நேரத்தைத்தான் கேட்கிறார்.

வெப்பம்

புண் வருமுன் அவ்விடம் சூடாகும். இரு பாதங்களிலும் ஒரே இடங்களை நாள்தோறும் அளந்து, வேறுபாடு 2.2 டிகிரி செல்சியசுக்கு மேல் போனால் நடப்பதைக் குறைத்துச் செவிலியரை அழைப்பது என்ற எளிய விதியை, அமெரிக்க மருத்துவர் லாரன்ஸ் லேவரியின் குழு சோதித்தது. முன்பே பாதப் புண் வந்து ஆறிய 173 பேரிடம் நடந்து, 2007இல் வெளியான ஆய்வில், வெப்பம் அளந்தவர்களுள் 8.5 விழுக்காட்டினருக்கே மீண்டும் புண் வந்தது. வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களுக்கு அது 29.3 விழுக்காடு. பின்னர் ஏறி நின்றாலே அளக்கும் விரிப்புகள் வந்தன. 2017இல் வெளியான ஓர் ஆய்வில் அத்தகைய விரிப்பு, புண் வெளித்தெரிவதற்குச் சராசரியாக 37 நாள் முன்பே எச்சரித்தது. பொய் எச்சரிக்கைகளும் நிறையவே வந்தன.

டென்மார்க்கும் நார்வேயும்

2015இல் வெளியான டென்மார்க் ஆய்வில் 401 பேர் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவுக்கு மூன்று மருத்துவமனை வருகைகளில் இரண்டு, தொலைவழி ஆலோசனையாக மாற்றப்பட்டன. புண் ஆறியதிலும் உறுப்பு நீக்கத்திலும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் தொலைவழிப் பிரிவில் எட்டுப் பேர் இறந்தனர், மற்றதில் ஒருவர். எண்ணிக்கை சிறியது; காரணமும் தெளிவாகவில்லை. இருந்தாலும் இதை ஒதுக்கிவிட முடியாது: புண்ணைக் காட்ட நேரில் வருபவரின் மூச்சுத்திணறலையும் மருத்துவர் பார்க்கிறார், படத்தில் கால் மட்டுமே இருக்கிறது. மாறாக, 182 பேர் பங்கேற்று 2018இல் வெளியான நார்வே ஆய்வில் தொலைவழிப் பிரிவில் உறுப்பு நீக்கம் குறைவாக இருந்தது. அங்கே படமெடுத்து அனுப்பியவர்கள், நோயாளியை நேரில் கவனித்துவந்த சமூகச் செவிலியர்கள்.

காய்ச்சல், புதிதாகத் தோன்றும் வலி, பரவும் வீக்கம், நாற்றம், விரல் கருத்தல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் செயலியில் பதில் வரும்வரை காத்திருக்கக் கூடாது. அன்றே நேரில் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.