சாரைப்பாம்பும் வயலெலியும்

நெற்பயிர் குடலைப் பருவத்தை அடையும் நாட்களில், வயலின் நடுவே தண்டுகள் அறுந்து திட்டுத் திட்டாகக் கிடப்பதைக் கமக்காரர் யாவரும் கண்டிருப்பர். இது வயலெலியின் வேலை. அதே வயல் வரம்பிற் சாரைப்பாம்பு ஒன்று தென்பட்டால் உடனே மண்வெட்டியை ஓங்குவதும் நம்மிடையே வழக்கமாக உள்ளது. எலியை ஒழிக்கப் பணம் செலவிடும் நாமே, எலியைத் தேடி உண்ணும் பிராணியையும் கொன்றுவிடுகின்றோம். சாரை எதனை உண்கின்றது, எவ்வாறு இரை தேடுகின்றது என்பவற்றை அறிந்துகொண்டால் இத்தவறு நேராது.

சாரையின் உணவு

நன்கு வளர்ந்த சாரை ஆறு அல்லது ஏழு அடி நீளமிருக்கும். இதற்கு நஞ்சு இல்லை. இளஞ்சாரை சிறு தவளை, பல்லி, அரணை முதலியவற்றை உண்டு வளரும். உடல் பெருத்தபின் எலி, தவளை, தேரை, ஓணான், பறவை ஆகியவற்றை இரையாகக் கொள்ளும். சில வேளைகளிற் கோழிக்குஞ்சையும் கவரும். பூச்சிகளைத் தின்னும் தவளையையும் இது உண்பதால், இதன் செயல் முழுவதும் நமக்கு இலாபமே என்று கூறுவதற்கில்லை. எனினும் எலி மலிந்த வயலில் இதனால் விளையும் நன்மை பெரிது.

இரை தேடும் முறை

வயலெலி பெரும்பாலும் இரவில் மேய்ந்து, பகலில் வளையினுள் தங்கும். சாரையோ பகலில் இரை தேடும். வரம்போரம், வேலியடி, வாய்க்காற் கரை, வைக்கோற் போர் ஆகிய இடங்களை ஒவ்வொன்றாக நாடிச் செல்லும். அதன் கண்கள் பெரியவை, பார்வை கூர்மையானது. அடிக்கடி நாவை நீட்டி மணத்தை ஏந்தி, மேலண்ணத்திலுள்ள உறுப்பினால் உணர்ந்து, எலி சென்ற வழியை அறியும்.

நீண்டு மெலிந்த உடலினால் அது வளையினுள்ளும் நுழைய வல்லது. மலைப்பாம்பைப்போல் இரையைச் சுற்றி நெரிக்கும் வழக்கம் இதற்கில்லை. இரையை வாயாற் கவ்வி, உடற்பாரத்தினால் நிலத்தோடு அழுத்தி, பெரும்பாலும் உயிருடனேயே விழுங்கிவிடும்.

வயலெலி ஏறக்குறைய மூன்று வாரம் கருத்தாங்கி, ஓர் ஈற்றில் ஆறு, ஏழு குட்டிகளை ஈனுவது சாதாரணம். நாம் வைக்கும் பொறியும் நஞ்சும் வெளியே வரும் எலிக்கே பயன்படும். வளையினுள் கிடக்கும் பால்குடிக் குட்டிகளை அவை சென்றடையா. சாரையோ அங்கும் செல்லும்.

எலி பயிருக்கு மட்டுமன்றி நமது உடலுக்கும் பகை. அதன் சிறுநீர் கலந்த சேற்றுநீரிலிருந்து எலிக்காய்ச்சல் பரவுகின்றது. 2008ஆம் ஆண்டில் இலங்கையில் 7,000இற்கும் மேற்பட்டோர் இந்நோய் கண்டவர்களெனக் கணக்கிடப்பட்டனர். அவர்களுட் பலர் வயலில் வேலை செய்தோர்.

இனங்காணுதல்

சாரையின் உடல் மஞ்சள் கலந்த கபிலம் அல்லது கருமை கலந்த நிறமுடையது. பின்பாதியிற் கரிய குறுக்குக் கோடுகளும், உதட்டுச் செதில்களின் ஓரத்திற் கரிய கீறல்களும் காணப்படும். சீண்டினால் கழுத்தைப் பக்கவாட்டில் ஒடுக்கி உறுமும். நாகமோ கழுத்தைத் தட்டையாக விரித்துப் படமெடுக்கும். புடையன் என வழங்கும் கண்ணாடி விரியன் தடித்த உடலும் முக்கோணத் தலையும் உடையது. முதுகில் மூன்று வரிசையாக நீள்வட்டப் புள்ளிகள் இருக்கும்.

இனம் சரியாகத் தெரியாத எப்பாம்பையும் அணுகாது விலகி நிற்றல் வேண்டும். எப்பாம்பு கடித்தாலும் தாமதியாது அரசினர் வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும்.

தவறான நம்பிக்கைகள்

சாரை நாகத்தின் ஆண் என்று சிலர் கூறுவர். இது தவறு. இவை இரண்டும் வெவ்வேறு இனங்கள். ஒவ்வொன்றிலும் ஆணும் பெண்ணும் உண்டு. இரு பாம்புகள் பின்னி நிமிர்ந்து நிற்பதைக் கண்டு "சாரையும் நாகமும் பிணைகின்றன" என்பர். பெரும்பாலும் அது இரு ஆண் சாரைகளின் மற்போரேயாகும். சாரை பசுவின் காலைக் கட்டிப் பால் குடிக்கும் என்பதும் பொய். மாட்டுப்பட்டிக்கு அது வருவது அங்குள்ள எலியை நாடியே.

செய்யவேண்டியவை

1. சாரையை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது. எலி பெருகும் வேகத்துக்கு அது ஒன்றே ஈடுகொடாது. வெளியிலுள்ள கமக்காரர் அனைவரும் ஒரே காலத்தில் விதைத்து, ஒரே காலத்தில் அறுவடை செய்வாராயின், எலிக்கு நீண்ட காலம் கதிர் கிடையாது. அதன் பெருக்கமும் குறையும்.

2. வரம்புகளை ஓரடிக்கு மேற்படாத அகலத்தில் அமைத்துப் புல்லைச் செதுக்கி வைத்தல் வேண்டும். அகன்ற வரம்பில் எலி எளிதில் வளை தோண்டும்.

3. நஞ்சு வைத்தால், இறந்த எலிகளை நாள்தோறும் பொறுக்கி ஆழப் புதைத்தல் வேண்டும். நஞ்சுண்ட எலியைத் தின்னும் ஆந்தை, பாம்பு முதலியனவும் மடியக்கூடும்.

4. மரக்கறித் தோட்டத்திற் பயன்படாத நைலோன் வலைகளைத் தரையில் விடாது சுருட்டி எடுத்தல் வேண்டும். சாரை அவற்றிற் சிக்கி மடிகின்றது.

5. கோழிக்குஞ்சுகளைக் கண் சிறிய கம்பிவலைக் கூட்டில் அடைத்தல் வேண்டும்.

6. வைக்கோலையும் கதிர்க்கட்டுகளையும் கையால் அள்ளுமுன் தடியினாற் கிளறிப் பார்த்தல் வேண்டும். இருட்டில் வயலுக்குச் செல்வோர் முழங்கால்வரை சப்பாத்து அணிந்து, விளக்கும் கொண்டு செல்லல் வேண்டும்.

எலி மிகுந்த வயலுக்குச் சாரை மட்டுமன்றிப் புடையனும் இரை தேடி வரும் என்பதை மறத்தலாகாது. எலியைக் குறைத்தால் விளைச்சலும் மிஞ்சும். அறுவடைக் காலத்தில் உயிராபத்தும் குறையும். அப்பணியிற் கூலியின்றி உதவும் சாரையை அதன் வழியே போகவிடுங்கள்.