முதல் கீபோர்ட்: காசைக் கொடுக்க முன் அளந்து பாருங்கள்

ஞாயிறு பூசையில் பாடகர் குழுவுக்குக் கீபோர்ட் வாசிப்பதைப் பார்த்து வரும் பிள்ளை, "அம்மா, எனக்கும் ஒன்று வாங்கித் தாங்கோ" என்று கேட்பது ஹெந்தளை, வத்தளைப் பக்கத்துத் தமிழ் வீடுகளில் புதிதல்ல. ஆனால் போரில் கணவரை இழந்து, ஊரை விட்டு வந்து, வாடகை வீட்டில் தனியாகக் குடும்பத்தைக் கொண்டு நடத்தும் ஒரு தாய்க்கு இது சின்னக் கேள்வியல்ல. கையில் இருப்பது மாதச் சம்பளமும் சீட்டுக்காசும் அடகில் மீட்ட ஒரு சோடிக் காப்பும்தான். "சோற்றுக்கே கணக்குப் பார்க்கிற வீட்டில் சங்கீதம் எதற்கு?" என்று சொல்ல அயலில் ஆட்களும் இருப்பார்கள்.

அப்படிச் சொல்பவர்களுக்கு ஒரு தாயின் கதையைச் சொல்லலாம். மலையாளத் திரைப்படங்களுக்கு இசையமைத்த ஆர்.கே. சேகர் 1976 இல் காலமானபோது மகனுக்கு ஒன்பது வயது. கணவரின் வாத்தியங்களை வாடகைக்குக் கொடுத்தே மனைவி பிள்ளைகளை வளர்த்தார். அவற்றை விற்று வட்டியில் வாழும்படி சிலர் கூறியும் அவர் விற்கவில்லை. அந்த வாத்தியங்களோடு வளர்ந்த மகன்தான் ஏ.ஆர். ரஹ்மான். தாயார் கரீமா பேகம் 2020 டிசெம்பரில் காலமானார். எல்லாப் பிள்ளைகளும் ரஹ்மான் ஆவதில்லை. என்றாலும் இல்லாத வீட்டிலும் வாத்தியம் வீண்செலவல்ல என்பதற்கு இது சாட்சி.

அவரிடம் வாத்தியங்கள் ஏற்கெனவே இருந்தன. நாமோ காசு கொடுத்து வாங்க வேண்டும். தேவைக்கு மேல் ஒரு சதமும் போகாமல் வாங்குவது எப்படி?

கீபோர்டா, டிஜிட்டல் பியானோவா?

பியானோவில் 52 வெள்ளை, 36 கறுப்பு என 88 கட்டைகள். முழு அளவு டிஜிட்டல் பியானோவிலும் அதே 88 கட்டைகள் இருக்கும். அவை பியானோவைப் போலப் பாரமாக அழுந்தும். விலையும் நிறையும் கூட. யமஹா பி-45 என்ற எளிய டிஜிட்டல் பியானோவே 11 கிலோவுக்கு மேல். வைப்பதற்குத் தாங்கியும் வேண்டும். அடிக்கடி வீடு மாறுகிறவர்களுக்கு இது பெரிய சுமை.

61 கட்டைக் கீபோர்ட் பெரும்பாலும் 3 முதல் 5 கிலோ வரைதான். பையில் போட்டு பஸ்ஸிலும் கொண்டு போகலாம். தொடங்குகிறவருக்கு முதல் ஓரிரு வருடங்களுக்கு இது தாராளமாகப் போதும். பிள்ளை பியானோப் பரீட்சைக்குப் படிப்பதானால் பின்னர் பாரக் கட்டைகள் தேவைப்படும். லண்டன் ட்ரினிட்டி கல்லூரிப் பரீட்சைகளில் கீபோர்ட்டுக்கென்றே தனித் தரங்களும் உண்டு. ஆகவே எதற்குப் படிப்பிக்கப் போகிறார் என்று ஆசிரியரிடம் முதலில் கேளுங்கள். கடைக்கு அதன் பின் போகலாம்.

கடையில் பார்க்க வேண்டிய மூன்று

ஒன்று, கட்டையின் அகலம். தையல் நாடாவைக் கொண்டு போங்கள். அடுத்தடுத்த ஏழு வெள்ளைக் கட்டைகள் சேர்ந்து ஆறரை அங்குலம் இருந்தால் அது முழு அளவு. அதற்குக் குறைந்தால் சிறு பிள்ளையின் விளையாட்டுப் பொருளுக்குக் கிட்ட. அதில் பழகிய விரல் பின்பு பெரிய கட்டையில் தடுமாறும்.

இரண்டு, அழுத்தம். ஒரே கட்டையை மெதுவாகவும் பலமாகவும் அழுத்துங்கள். ஓசை அதற்கேற்ப மாற வேண்டும். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் கீபோர்ட்டுகளில் இந்த வித்தியாசம் ஒளிந்திருக்கும். யமஹா ஈ-273 இல் இது இல்லை, ஈ-373 இல் உண்டு. கெசியோ சிடி-எஸ்200 இல் இல்லை, சிடி-எஸ்300 இல் உண்டு. நூற்றுக்கணக்கான ஓசைகளையும் தாளங்களையும் காட்டி விற்பார்கள். அவற்றுக்காகக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம்.

மூன்று, சுருதி மாற்றும் வசதி. இதை 'ட்ரான்ஸ்போஸ்' என்பார்கள். பாடும் பெண்களுக்கு இது மிக உதவும். இரண்டு கறுப்புக் கட்டைகள் சேர்ந்து நிற்கும் இடத்தில், அவற்றின் இடப்பக்கத்து வெள்ளைக் கட்டைதான் நமது சங்கீதத்தின் ஒரு கட்டைச் சுருதி. ஏழு படி உயர்த்தினால், அதே கட்டையில் 'ஸ' வைத்து ஐந்து கட்டைச் சுருதியில் பாடலாம். கமகம் மட்டும் இதில் வராது. இதே குறைக்காகத்தான் அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஹார்மோனியத்தையே ஒதுக்கி வைத்திருந்தது. ஆனால் சரளி வரிசை பழகுவதற்கும் கீதங்களுக்குத் துணை வாசிப்பதற்கும் தடையில்லை.

பாவித்ததை வாங்கும்போது

2022 இல் ரூபாவின் பெறுமதி விழுந்தபின் புதிய பொருட்களின் விலை மிகவும் ஏறிவிட்டது. பாவித்த நல்ல கீபோர்ட் குறைவானதல்ல. ஆனால் கறுப்புக் கட்டைகள் உட்பட 61 கட்டைகளையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். ஓசையை முழுவதும் கூட்டி இரைச்சல் இருக்கிறதா என்று கேளுங்கள். பற்றரிப் பெட்டியைத் திறந்து கறள் பார்க்க மறவாதீர்கள்.

ஜப்பானிலிருந்து வந்த பொருளாயின் அடப்டரைக் கவனியுங்கள். அங்கே வீட்டு மின்சாரம் 100 வோல்ட், இங்கே 230. 100 வோல்ட்டுக்கு மட்டும் செய்த அடப்டரைச் செருகினால் எரிந்துவிடும். வீட்டில் கிடக்கும் வேறு அடப்டரையும் மாட்ட வேண்டாம். வோல்ட் அளவும், கூட்டல் கழித்தல் முனை எந்தப் பக்கம் என்பதும் கீபோர்ட்டுக்குக் கீபோர்ட் வேறுபடும்.

ஹெட்போன் துளை வேலை செய்கிறதா என்றும் பாருங்கள். ஒரே சுவருக்கு அப்பால் வீட்டுக்காரர் இருக்கும் இடத்தில் அது பெரிய உதவி.

கடன் வேண்டாம்

வாராவாரம் வாசலில் வந்து நிற்கும் நுண்கடனை இதற்காக எடுக்க வேண்டாம். காப்பையும் திரும்ப அடகு வைக்க வேண்டாம். முதல் மூன்று மாதம் கோவிலிலோ ஆசிரியர் வீட்டிலோ உள்ள கீபோர்ட்டில் பழக முடியுமா என்று கேளுங்கள். பிள்ளையின் ஆர்வம் நிலைக்கிறதா என்று அதற்குள் தெரிந்துவிடும், சீட்டும் கைக்கு வரும். விலையோடு ஆசிரியரின் மாதக் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

வாங்கியபின் அது பிள்ளைக்கு மட்டும் என்று எண்ணாதீர்கள். இடப்பெயர்வோடு சங்கீத வகுப்பு நின்றுபோன பெண்கள் நம்மிடையே எத்தனை பேர்! பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகு ஒரு கால் மணித்தியாலம் உட்காருங்கள். காயத்தால் ஒரு கை இயங்காதவர்களும் மற்றக் கையால் மெட்டை வாசிக்கலாம். தாளத்தைக் கீபோர்ட்டே தரும். ஹெட்போனைப் போட்டுக்கொண்டால் பிழைகள் வேறு எவர் காதிலும் விழாது. ஆறுதலாகப் பழகலாம்.