டிரினிடாட் கார்னிவல்

1783க்குப் பின் டிரினிடாட் தீவில் குடியேறிய பிரெஞ்சுத் தோட்ட முதலாளிகள், தவக்காலத்துக்கு முந்தைய நாட்களில் முகமூடி நடனங்கள் நடத்தினர். அடிமைப்பட்டிருந்த ஆப்பிரிக்கர்களுக்கு அவற்றில் இடமில்லை. 1838இல் முழு விடுதலை பெற்ற அவர்கள் தீப்பந்தம் ஏந்தித் தெருவில் இறங்கினர். கரும்புத் தோட்டத் தீயை நினைவூட்டிய அந்த ஊர்வலம் ‘கான்புலே’ எனப்பட்டது. 1881இல் காவல்துறை அதைத் தடுக்க முயல, போர்ட் ஆஃப் ஸ்பெயினில் கலவரம் மூண்டது.

1884இல் முரசுக்குத் தடை வந்தது. மூங்கில் குழாய்களைத் தரையில் குத்தித் தாளமிடும் வழக்கம் வளர்ந்தது. 1930களில் தகரப் பாத்திரங்கள் அந்த இடத்தைப் பிடித்தன. அடுத்து வந்தது ஸ்டீல்பேன்: எண்ணெய்ப் பீப்பாயின் ஒரு முகத்தைச் சுத்தியலால் குழிவாக்கி, சுரத்துக்கு ஒரு மேடாகத் தட்டி எழுப்பிய இசைக்கருவி.

சாம்பல் புதனுக்கு முந்தைய திங்களன்று, விடியுமுன்பே சேறும் சாயமும் பூசிய கூட்டம் ‘ஜூவே’ கொண்டாட்டத்தைத் தொடங்குகிறது. செவ்வாயன்று இறகும் மணியும் பதித்த உடைகளில் குழுக்கள் அணிவகுக்கின்றன.